ஓடைக்கரைத் துணை ஜனாதிபதி

இந்தியாவுக்கு எத்தனையோ துணை ஜனாதிபதிகள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதவியை எங்கள் ஊர்த் துணை ஜனாதிபதி அளவுக்கு நம்பிய ஆள் டெல்லியில்கூடக் கிடையாது. எந்த மேடையில் ஏற்றினாலும் இதை நான் சொல்வேன். அவர் டெல்லியைப் பார்த்ததில்லை. மதுரைக்கு வடக்கே போனதுமில்லை. வெம்பக்கோட்டை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஓடையைத் தாண்டினால் வருகிற ஊரில், பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு ரேஷன் கார்டில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் வயதுக்காரர்களுக்கு 'துணை', இளையவர்களுக்கு 'துணை மாமா', கோபம் வந்தால் அவர் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு 'எங்க வீட்டு டெல்லிக்காரரு'.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில் நான் அந்தக் கம்பெனியில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய் இடுப்பு விட்டுப்போனதால் அந்த ஊரிலேயே ஒரு ரூம் பிடித்துத் தங்கினேன். மனு எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள். சங்கம் என்றதும் கொடி, கோஷம் என்று நினைக்க வேண்டாம். கல்யாணத்துக்கு அண்டா குண்டா, சாவுக்குப் பந்தல், பெஞ்சு. இவ்வளவுதான் சங்கம். அந்த ஊரில் அண்டாவைவிடப் பந்தலுக்குத்தான் வேலை அதிகம்.

நான் வருவதற்கு முன்பே சங்கத்துக்கு மூன்று தலைவர்கள் ஆகியிருந்தார்கள். மூன்று பேரும் பதவியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர்கள். முதல் தலைவர் கம்பெனியின் வெடிமருந்து ரூமில் பிடித்த தீயில் போனார். இரண்டாமவர், பட்டாசு வேலையே வேண்டாம் என்று தலை முழுகிவிட்டு, சங்கப் பதவியை மட்டும் விடாமல், சாத்தூரில் காய்கறிக் கடை போட்டார். கடைக்கு எதிரே ஹைவேயைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது. மூன்றாமவர் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதை இப்போதே சொல்லிவிட்டால் மேற்கொண்டு உங்களாலும் சிரிக்க முடியாது, என்னாலும் முடியாது.

மூன்று பேருக்கும் துணைத் தலைவராக இருந்தவர் ஒரே ஆள். மூன்றாவது சாவுக்குப் பிறகு, தலைவர் பதவிக்கு இவரையே போட்டுவிடலாம் என்று ஊர் கூடியது. அவர் எழுந்து நின்று பேசிய பேச்சுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டீக்கடையில், பஸ்ஸில், சாவு வீட்டில் என்று பலமுறை கேட்டுவிட்டதால் எனக்கு மனப்பாடம்.

"இந்தியாவுல ரெண்டு ஜனாதிபதி பதவியில இருக்கும்போதே செத்துருக்காக. துணை ஜனாதிபதி ஒருத்தராச்சும் அப்பிடிச் செத்துருக்காகளா? ஒருத்தர் பேரச் சொல்லுங்க, நான் இப்பவே தலைவராகுறேன்."

யாராலும் சொல்ல முடியவில்லை. நானும் பழைய பேப்பர்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நாட்டில் ஆயிரம் பதவி இருக்கிறது, அதில் சாவு எட்டாத பதவி இது ஒன்றுதான் என்பது அவருடைய முடிவு. தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர் அந்த வேலையைப் பார்க்கலாம், ஆனால் தலைவராக ஆகிவிடக் கூடாது, ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைக்க வேண்டும், அதுதான் டெல்லியில் முறை என்பார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தேர்தலும் வைப்பார். யாரும் நிற்க மாட்டார்கள். "சரி, இன்னும் ஆறு மாசம் நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்காருவார்.

உட்காருவது ஸ்டூலில். சங்கத்துக் கட்டடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அதன் நடுவில் முதல் தலைவர் சிவகாசியில் வாங்கி வந்த கை வைத்த மர நாற்காலி. அதற்கு வலது பக்கம் இவருடைய ஸ்டூல். கூட்டம் நடக்கும்போதெல்லாம் காலி நாற்காலியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். வெளியூர்க்காரர் யாராவது விவரம் தெரியாமல் அதில் உட்காரப் போனால் கையைப் பிடித்து இழுத்துவிடுவார். மூன்றாவது தலைவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே உயிர் ஒரு சாம்பல் நிறப் பூனை. சுகமாகச் சுருண்டு தூங்கும். ஒருநாள் அந்தப் பூனையைக் காணோம். "பாத்தீகளா?" என்றார் துணை.

பதவி இப்படி என்றால் ஆள் அதற்கு மேல். எதிலும் முதலாவதாகப் போக மாட்டார். பஸ்ஸில் முதல் வரிசை காலியாகக் கிடந்தாலும் இரண்டாவது வரிசையில்தான் உட்காருவார். ரேஷன் கடைக்கு விடிகாலையிலேயே போய்விடுவார். முதல் ஆளாகப் போய்விட்டோம் என்று தெரிந்தால் வேப்ப மரத்தடியில் ஒதுங்கி நின்று, யாராவது வந்து வரிசையை ஆரம்பித்த பிறகு இரண்டாவதாகப் போய் ஒட்டிக்கொள்வார். கம்பெனியில் காலையில் ஷெட்டுக்குள் முதலில் நுழைய மாட்டார். போர்மேன் திட்டிக்கொண்டே உள்ளே போனால் அவர் முதுகைத் தொட்டுக்கொண்டு இவரும் போவார். ஒருநாள் மத்தியானம் ஊர்ப் பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தார். நன்றாகப் பார்த்தேன், தனியாக இல்லை. முன்னால் ஒரு ஆடு போய்க்கொண்டிருந்தது. ஆடு நின்று புல்லைக் கடித்தால் இவரும் நின்றார்.

இதைப் பற்றிப் பேச்சியம்மாளிடம் கேட்டேன். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அக்காவத்தான் மொதல்ல காட்டுனாக. இவரு தலயே தூக்கலயாம். 'ரெண்டாவது ஒண்ணு இருக்காமே'ன்னு கேட்டாராம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது வெட்கமா, வருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சங்கத்துச் சுவரில் துணை ஜனாதிபதி படம் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனார். நாடு முழுக்கக் காலண்டர் அடித்து அனுப்புகிற ஊர். அங்கே இல்லாத படமா? பிரஸ் பிரஸ்ஸாக ஏறி இறங்கினோம். முருகன் இருந்தார், கொழுகொழு குழந்தை இருந்தது, சுவிட்சர்லாந்து இருந்தது, ஜனாதிபதிகூட இருந்தார். துணை ஜனாதிபதி இல்லை. "அவர் படத்த யாருங்க மாட்டுவா?" என்று கேட்டார் ஒரு பிரஸ் மேனேஜர். இவர் "நான் மாட்டுவேன்" என்றார். ஒரு ஆள் ஆர்டருக்கு மெஷின் ஓட்ட முடியாது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். கடைசியில் ஒரு பழைய பேப்பரில் வந்திருந்த விழாப் படத்தைக் கத்தரித்து பிரேம் போட்டார். அதில் ஜனாதிபதி முன்னால் நிற்பார். அவர் தோளுக்குப் பின்னால் துணை ஜனாதிபதியின் பாதி முகம் தெரியும். மீதி முகம் தெரியவில்லையே என்றேன். துணை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

சிரிக்கிற பகுதி ஏறக்குறைய முடிந்தது. இப்போது மூன்றாவது தலைவர்.

அந்த ஊரும் கம்பெனியும் ஓடைக்கு இந்தப் பக்கம். மெயின் ரோடும் பஸ்ஸும் சுடுகாடும் அந்தப் பக்கம். மற்ற மாதங்களில் ஓடை வெறும் மணல். ஐப்பசி பிறந்தால் வைப்பாற்றுக்குப் போகிற தண்ணீர் எல்லாம் அதில்தான் இறங்கும். மேற்கே சுற்றி ஒரு லாரிப் பாதை உண்டு. கரிசல் மண், மழை பெய்தால் சக்கரம் இறங்கி நின்றுவிடும். தீபாவளி சீசன் முடிகிற சமயம், அடைமழைக்குள் ஒரு பகலில் கம்பெனியில் தீப்பிடித்தது. மூன்றாவது தலைவர் உடம்பெல்லாம் வெந்துபோய் உயிரோடு வெளியே வந்தார். கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். கொஞ்சம் வடியட்டும் என்று கரையில் நின்றார்கள். தண்ணீர் வடிவதற்குள் அவர் கட்டிலிலேயே அடங்கிப்போனார். கட்டிலின் பின்பக்கம் பிடித்திருந்த இருவரில் ஒருவர் துணை.

அதற்குப் பிறகுதான் ஓடையில் பாலம் கேட்டு ஊர் மனு கொடுக்க ஆரம்பித்தது. நான் செயலாளரான பிறகு என் பங்குக்கு நானும் எழுதித் தள்ளினேன். ஒவ்வொரு மனுவின் அடியிலும் 'துணைத் தலைவர், தலைவர் பொறுப்பு' என்று அவர் கையெழுத்துப் போடுவார். திங்கட்கிழமை குறை கேட்கும் நாளில் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று நின்று எங்களுக்குக் கால் மரத்துப்போனது. ஒருவழியாக ஒரு திங்கட்கிழமை, ஒரு அதிகாரி எங்களை உட்கார வைத்து நல்ல சேதி சொன்னார். பாலம் போடலாம். ஆனால் பாலத்திலிருந்து ரோடு இறங்குகிற இடம் சங்கத்து நிலம். பிற்பாடு மண்டபம் கட்டலாம் என்று எப்போதோ வாங்கிப்போட்டது. அதைச் சங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆவணிக்குள் பத்திரம் வராவிட்டால் பாலம் வேறு ஊருக்குப் போய்விடும்.

துணை அங்கேயே பேனாவை எடுத்தார். அதிகாரி சங்கத்து விதிகளைப் புரட்டிவிட்டு, நிலத்தைக் கொடுக்கத் தலைவருக்கு மட்டும்தான் உரிமை, பொறுப்பில் இருப்பவருக்குக் கிடையாது என்றார். தலைவர் எங்கே என்று கேட்டார்.

"தலைவர் இல்லைங்கய்யா."

"எப்ப வருவாரு?"

"யாரும் வர மாட்டேங்கிறாகய்யா" என்றார் துணை.

அன்று சாயங்காலமே சங்கத்தில் கூட்டம் போட்டோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் பிறகு பார்க்கவில்லை. பாலம் வேண்டும் என்பதில் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. தலைவர் வேண்டும் என்பதிலும் ஒரே கருத்து. அந்தத் தலைவர் 'நான் இல்லை' என்பதிலும் ஒரே கருத்து. ஒருவருக்கு ஜாதகத்தில் கண்டம் இருந்தது. ஒருவருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். முதலாளியைத் தலைவராகப் போட்டால் என்ன, அவருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லையே என்றார் ஒருவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவர், செத்துப்போன முதல் தலைவரையே திரும்பத் தலைவராகப் போடலாம், செத்தவருக்கு மறுபடியும் சாவு வராதல்லவா என்று கேட்டார். அதைக்கூட இரண்டு மூன்று பேர் யோசித்தார்கள். யாரோ கணக்கப்பிள்ளையைப் போடலாம் என்றதும் நான் எழுந்து செயலாளர் பதவியின் முக்கியத்துவம் பற்றி நீண்ட நேரம் பேசினேன்.

எல்லோரும் கடைசியில் துணையின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவருடைய ஒரே மகள் முத்துமாரி ஜன்னலுக்கு வெளியே பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அதே கம்பெனியில் திரி வெட்டுகிற செக்சன். அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் துணை. நான் ஆக முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். ஊர் அவரைத் திட்டியது. அன்று நானும் மனதுக்குள் திட்டினேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து இரண்டில், ஆனி கடைசி. ஆடியில் டெல்லியில் புது ஜனாதிபதி பதவி ஏற்றார். எங்கள் கம்பெனியில் சரவெடி கொளுத்தினோம். அந்தக் காகிதக் குப்பையைக்கூட இன்னும் கூட்டவில்லை. வேலை இல்லாத ஒரு காலை, டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ரேடியோவில் செய்தி வந்தது. துணை ஜனாதிபதி காலமானார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. கடையில் இருந்த அத்தனை தலையும் பெஞ்சின் இரண்டாவது இடத்துக்குத் திரும்பியது. துணை கிளாஸைக் கீழே வைத்தார். "பதவியில இருக்கும்போதேவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எழுந்து போனார். முன்னால் யார் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அன்று நடந்ததை வேறு எந்த ஊரிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. ஊர் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனது. கிண்டலுக்கு இல்லை. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது, அதை எப்படி விசாரிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே முறையில் விசாரித்தார்கள். பெண்கள் வந்து பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாசலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரோ சங்கத்துப் பந்தலைப் போடட்டுமா என்று கேட்டே விட்டார்கள். பாதி முகம் தெரிகிற அந்தப் படத்தைச் சங்கத்திலிருந்து எடுத்து வந்து பூ வைத்திருந்தார்கள். பூவில் அந்தப் பாதியும் மறைந்துபோயிருந்தது.

நான் பேப்பர் வாங்கிக்கொண்டு மறுநாள் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை.

"கணக்கப்பிள்ளை, ஜனாதிபதி செத்தா அந்த வேலயத் துணை பாப்பாரு. இப்பத் துணை செத்துட்டாரு. அவரு வேலய யாரு பாக்காக?"

தேடிப் பார்த்துவிட்டு, அவர் நடத்துகிற ராஜ்ய சபையை வேறு ஒருவர் நடத்துவார், ஆனால் அந்தப் பதவியை யாரும் பொறுப்பில் பார்ப்பதில்லை, தேர்தல் வரைக்கும் நாற்காலி காலிதான் என்றேன்.

"துணைக்கு ஒரு துணை கெடையாதா?"

"இல்லண்ணே."

உள்ளே பேச்சியம்மாள் அம்மியில் எதையோ அரைக்கிற சத்தம் நின்றிருந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

"அன்னைக்கு ஓடக்கரையில கட்டிலுக்கு முன்னால நின்ன ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள எறங்கல. நான் பின்னால நின்னேன். முன்னால நிக்கவன் எறங்காம பின்னால நிக்கவன் எப்பிடி எறங்க? அதச் சொல்லிச் சொல்லித்தான் இம்புட்டு நாளும் ஒறங்குனேன். எறங்கிருந்தா பொளச்சிருப்பாரோ என்னமோ. அவரு கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "ரெண்டு நாற்காலியிலயும் சாவு இருக்கு. பாலம் ஒண்ணுலதான் இருக்கு. வாங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார். அன்றும் துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அவர் பின்னால் வந்தார்கள்.

சங்கத்துக்குள் போனதும் நாற்காலிக்கு எதிரே நின்றார். வழக்கம்போல் அதைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கு மேல் கால் நகரவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். அழுது மறிக்கப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். கைகள், முதுகு, கால்கள் எல்லாவற்றையும் துடைத்தாள்.

"தூசியோட உக்காராதீக. வெள்ளச் சட்ட" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் மூக்கைச் சிந்தினாள். காலியான துணைத் தலைவர் பதவிக்கு யார் என்று நான் முறைப்படி கேட்டேன். நேற்றுவரை அந்தப் பதவி என்றால் அடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இப்போது ரேடியோ செய்திக்குப் பிறகு அதற்கும் ஆள் இல்லை.

ஆவணிக்குள் பத்திரம் பதிவானது. கையெழுத்துப் போட்டு முடித்ததும், இதில் துணைத் தலைவர் கையெழுத்து வேண்டாமா என்று அவர் ஏக்கத்தோடு கேட்டார். வேண்டாம் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். தலைவரானதிலிருந்து அவர் உயிர் பயத்துக்கு அளவில்லை. லாரி வந்தால் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கிவிடுவார். தினமும் காலையில் டீக்கடைக்கு வந்ததும் "இன்னைக்கும் இருக்கேன்" என்று எல்லோருக்கும் அறிவிப்பார். ஊர் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகும்.

மறு வருஷம் பாலம் வந்தது. ஆற்றுப் பாலம் மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். தரைப்பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. திறந்த அன்று சங்கத் தலைவர் முதலில் நடக்க வேண்டும் என்று மாலையைப் போட்டு நிறுத்தினார்கள். அவர் மாலையோடு நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே புகுந்து பாலத்தைத் தாண்டியது. உடனே பின்னாலேயே போய்விட்டார். மந்தைக்குச் சொந்தக்காரருக்கு அந்த மாலை போனது.

அதே ஐப்பசி. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருந்தது, விடாத மழை. மத்தியானம் திரி செக்சனில் தீப்பிடித்தது. நான் ஆபீஸ் ரூமிலிருந்து ஓடி வந்தபோது முத்துமாரியைச் சாக்கில் சுற்றிக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் கழுத்தும் வெந்திருந்தது. துணை பேக்கிங்கிலிருந்து ஓடி வந்தார். வேன் கிளம்பிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

பாலத்தின் கரையில் வேன் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடியது. ஆழமில்லை, முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் சேறு கலங்கிய தண்ணீரில் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு சக்கரம் விலகினால் வேன் ஓடைக்குள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வடியட்டும் என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் துணையின் முகம் என்னவோ ஆனது. வேனைத் தாண்டி முன்னால் போனார். தண்ணீருக்குள் இறங்கினார். ஒரு காலால் இடது ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். திரும்பி டிரைவரைப் பார்த்தார்.

"என் முதுகப் பாத்துக்கிட்டு வாலே. நான் விளுந்தா மட்டும் நில்லு."

அவருக்கு முன்னால் யாரும் இல்லை, ஒரு ஆடுகூட இல்லை. ஈரச் சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்க, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே நடந்தார். வேன் அவர் முதுகை இடித்துவிடுகிற தூரத்தில் ஊர்ந்து போனது. அக்கரை போனதும் ஒதுங்கி நின்று வேனை விட்டார். அது மெயின் ரோட்டில் ஏறி மறைந்த பிறகு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்த் தூக்கினேன். பல் கிட்டிப்போயிருந்தது.

முத்துமாரி பிழைத்துக்கொண்டாள். மதுரையில் பல மாதம் கிடந்து, கழுத்தெல்லாம் தழும்போடு திரும்பி வந்தாள். அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அதைப் பேச்சியம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். துணை அதைப் பற்றிப் பேசவே மாட்டார். பஸ்ஸில் மறுபடியும் இரண்டாவது வரிசைதான், ரேஷன் கடையில் மறுபடியும் வேப்ப மரத்தடிதான். தலைவரான பிறகும் யாரும் அவரைத் தலைவர் என்று கூப்பிடவில்லை.

சில வருஷங்கள் கழித்து நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஒரு பங்குனியில் போன் வந்தது. நெருப்பும் இல்லை, லாரியும் இல்லை. இரண்டு நாள் காய்ச்சல், தன் வீட்டுக் கட்டிலில், தூக்கத்தில் போய்விட்டார். பதவியில் இருக்கும்போதே என்று ஊரில் முணுமுணுத்தார்கள். நான் போனபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். பந்தல் சங்கத்துடையது.

கொள்ளிச்சட்டி யார் எடுப்பது என்று பேச்சு நடந்தது. ஆண் பிள்ளை இல்லை. அண்ணன் மகன் எடுக்கட்டும், பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். முத்துமாரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்து நின்றாள். நெருப்பைத் தொட அவளுக்கு எப்படி மனம் வந்ததென்று தெரியவில்லை. தழும்பேறிய இரண்டு கைகளாலும் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"அன்னைக்குப் பாலத்துல எனக்காக அப்பா முன்னால போனாக. அவுகளுக்கு முன்னால போகப் பயம். இன்னைக்கு நான் போறேன்" என்றாள்.

பெரியவர்கள் விலகி அவளுக்கு வழி விட்டார்கள்.

பாலத்தில் அப்போது தண்ணீர் இல்லை, வெயில்தான் இருந்தது. அவள் முன்னால் நடந்தாள். அவர் இரண்டாவதாகப் போனார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நான் நடந்தேன்.